குளத்துப் பறவைகளை எண்ணினால் காணி போய்விடுமா என்று கேட்கிறார்கள்

குளக்கட்டு (நவம்பர் 9, இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சுற்றாடல் முன்னோடிக் குழுவும் என் பொறுப்பில் இருக்கிறது. வருகிற ஜனவரியில் எங்கள் ஊர்க் குளத்தில் நீர்ப்பறவைகளை எண்ண வேண்டும் என்பது என் ஆசை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியும் பல நாடுகளில் நடந்து வருகிறது. வன்னியில் இத்தனை குளங்கள் இருந்தும் பெரும்பாலான குளங்களில் யாரும் எண்ணுவதில்லை.

போன கிழமை ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னேன். பின்னால் இருந்த ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "சேர், இப்ப குருவியை எண்ணுவியள். பிறகு எல்லைக்கல்லுப் போட ஆக்கள் வருவினமோ?" கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அப்படி ஒன்றும் நடக்காது அம்மா" என்று சொன்னேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் வெளியில் இருந்து ஒரு அமைப்பு வந்து எங்கள் பாடசாலையில் பறவைகள் தினம் கொண்டாடியது. பெரிய பதாகை கட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தொப்பியும் பணிசும் கொடுத்தார்கள், உறுதிமொழி எடுத்தோம், படம் பிடித்தார்கள். பதினொரு மணிக்கு வாகனம் போய்விட்டது. குளம் இருநூறு மீற்றர் தூரத்தில் இருந்தது. ஒரு பிள்ளையையும் அங்கே கூட்டிப்போகவில்லை. அன்றைக்கு நானும் பேசாமல் நின்றேன் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இந்தமுறை அப்படி நடக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வயல்வரம்பு (நவம்பர் 9, இரவு 9.55)

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி, சேர். நான் துணுக்காய்ப் பக்கம். மீள்குடியேறி வந்தபோது எங்கள் காணிக்குள் பற்றை வளர்ந்து காடாகிக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கப் போனால் இது வன இலாகாவுக்குரியது என்றார்கள். ஐந்து வருடங்கள் அலைந்துதான் காணி உறுதியைக் காட்டி மீட்டோம். சுண்டிக்குளம் 1938இல் இருந்தே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவித்தார்கள். அங்கே இறால் பிடித்துச் சீவித்த சனத்துக்கு வர்த்தமானி, அதாவது அரச அறிவித்தல், என்ற சொல்லே பயம். பறவையில் யாருக்கும் கோபம் இல்லை. பறவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில்தான் சந்தேகம்.

அடுத்தது மயில். நீங்கள் கமக்காரரிடம் பறவையைப் பற்றிப் பேசப் போனால் முதலில் மயிலைப் பற்றித்தான் கேட்பார்கள். உழுந்து முளைத்து இரண்டு இலை விட்டதும் விடியற்காலையில் வரிசையாக இறங்கும். கச்சானையும் கிளறிவிடும். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு நானும் மனைவியும் வரம்பில் நின்று உண்மையாகத்தான் எண்ணினோம். கொப்பியில் 11 மயில் என்று மனைவி எழுதினார். அந்தத் துண்டைக் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு எங்கள் வயலில் என்ன மாறியது என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. எண்ணுவதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எண்ணியதன் பிறகு என்ன என்பதற்குப் பதில் வேண்டும்.

ஆறுமணி (நவம்பர் 10, காலை 6.10)

சேர், நான் வவுனியாவில் இருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். மூன்று வருடங்களாக ஜனவரி எண்ணிக்கைக்குப் போகிறேன்.

காணி விடயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சரணாலயம், தேசிய பூங்கா எல்லாம் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்படுகின்றன. ஒரு ஊர்க் குளத்தில் பாடசாலைப் பிள்ளைகள் பறவை எண்ணியதால் மட்டும் அது நடக்காது. ஆனால் எண்ணிக்கை வெளியே போனால் அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நாங்கள் உத்தரவாதம் தர முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஊரில் குளத்தின் அலைகரைக்குள் (தண்ணீர் ஏறி இறங்கும் கரைக்குள்) டிப்பர் இறக்கி மண் அள்ளியபோது சனம் போய் மறித்தது. பிரதேச செயலகக் கூட்டத்தில் மூன்று வருடத்துப் பறவைக் கொப்பியை மேசையில் வைத்தோம். எந்த மூலையில் எந்த மாதம் எது நிற்கும் என்று அதில் இருந்தது. அந்தக் கொப்பி ஊருக்குச் சாட்சி சொன்னது.

அதனால் என் யோசனை இது. எண்ணிக்கையின் மூலப்பிரதி ஊரிலேயே இருக்கட்டும். கமக்கார அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ பூட்டி வையுங்கள். வெளியே அனுப்புவது பிரதிதான், அதுவும் கூட்டத்தில் வாசித்த பிறகு.

எண்ணும் முறை கஷ்டம் இல்லை. விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும், வெயில் ஏறினால் கானல் அடிக்கும். பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்துப் போக வேண்டும். ஒரே கூட்டத்தை இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒன்றும் இல்லாத குளத்துக்குப் போனால் பூச்சியம் என்று எழுதுங்கள். அதுவும் தகவல்தான்.

பனிக்காலம் (நவம்பர் 10, இரவு 11.20)

முள்ளியவளையில் பிறந்தவன், இப்போது ரொறன்ரோவில். வாசிக்க மனம் நிறைந்தது. நூறு பேருக்கு ரீசேட், பதாகை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் நான் பொறுப்பெடுக்கிறேன் தம்பி. ஊரே திரண்டு நிற்க வேண்டும். கணக்கு இலக்கம் அனுப்புங்கள்.

குளக்கட்டு (நவம்பர் 11, மாலை 5.30)

அண்ணா, உங்கள் மனதுக்கு நன்றி. குறை நினைக்காதீர்கள், ரீசேட் வேண்டாம். குளக்கரையில் நூறு பேர் ஒரே நிறத்தில் நின்றால் பறவை நிற்காது. பதாகையைக் கண்டால் சனம் அந்தப் பழைய நிகழ்வைத்தான் நினைக்கும். முடியுமானால் நான்கு பைனாகுலர் வாங்கித் தாருங்கள், 8×42 அளவில். பாடசாலையில் இருக்கும், பிள்ளைகள் கையெழுத்து வைத்து எடுத்துப் போவார்கள். அவை வருடம் முழுவதும் வேலை செய்யும்.

பனிக்காலம் (நவம்பர் 12, அதிகாலை 3.05)

சரி தம்பி. நான்கு இல்லை, ஆறு. மார்கழியில் மச்சான் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அலைகரை (நவம்பர் 13, இரவு 7.45)

என் அப்பா நன்னீர் மீன்பிடிக்காரர். முப்பது வருடமாகக் குளத்தில் வலை போடுகிறார். இங்கே யாரும் மீன்பிடிச் சங்கத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீர்க்காகம் எங்கள் வீட்டில் நல்ல பெயர் எடுத்த பறவை இல்லை. குளத்தில் மீன்குஞ்சு விட்டுப் பத்து நாளில் நூறு நூறாக வந்து இறங்கும். சங்கத்தில் சிலர் வெடி கொளுத்தித் துரத்துவார்கள். அப்பாவும் துரத்தியிருக்கிறார்.

போன மாசியில் ஒரு நாள் காலையில் அப்பா வழக்கத்தைவிடப் பிந்தி வலை எடுக்கப் போனார், நானும் வள்ளத்தில் ஏறினேன். தங்கூசி (நைலோன் நூல்) வலையில் ஒரு நீர்க்காகம் சிக்கியிருந்தது. உயிர் இருந்தது. நூல் செட்டைக்குள் போய், கழுத்தைச் சுற்றி, காலையும் இழுத்துக் கட்டியிருந்தது. அது இழுக்க இழுக்க நூல் இறுகியது. அப்பா இழுத்து எடுக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். அவருடைய சால்வையைத் தலைக்கு மேல் போட்டோம். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. அப்பா சொண்டைக் கையால் பொத்திக் கழுத்தைப் பிடித்தார், ஏனென்றால் அது நேரே கண்ணுக்குத்தான் கொத்தும். நான் நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். இருபது நிமிடமாவது எடுத்திருக்கும். செட்டையின் அடியில் தோல் கிழிந்து சிவந்து கிடந்தது. கிட்டப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் கண் பச்சை நிறம். நல்ல மணிப்பச்சை. இத்தனை வருடமும் கறுப்புப் பறவை என்றுதான் நினைத்திருந்தேன்.

விட்டதும் அது பறக்கவில்லை, நீந்திப் போய் ஒரு பட்ட மரத்தில் ஏறிச் செட்டையை விரித்துக்கொண்டு இருந்தது. அப்பா வலையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து, வலையை வெளிச்சம் வர முன் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். பறவைக்காக மட்டும் இல்லை. பறவை சிக்கினால் வலையும் கிழிகிறது, ஒரு கண்ணி பின்ன எவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய வலைத்துண்டுகளைக் கரையில் எறியாமல் போட ஒரு உரப்பை கட்டியிருக்கிறோம்.

சேர், சங்கத்துக் கதிரையில் போய் இருந்து அவர்கள் கதையை முதலில் கேளுங்கள். நீங்கள் பேசுவது பிறகு.

மன்னார்க்காற்று (நவம்பர் 14, காலை 10.15)

வங்காலையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் 2008இல் சரணாலயம், 2010இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலம், 4839 ஹெக்டேயர். ஊசிவால் வாத்து, மூக்கன், பூநாரை எல்லாம் வரும். பார்க்க வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பறவையின் பெயரைச் சொல்வார்கள்? அறிவித்தல் பலகை மட்டும் போதாது என்பதை எங்கள் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளை இழுக்க ஒரு கதை இருக்கிறது, பயன்படுத்துங்கள். 2021இல் மன்னாரில் சில கடற்காகங்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்டார்கள். அவை இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடதுருவப் பக்கம் வரை போய்க் குஞ்சு பொரிக்கும் காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தன. எங்கள் மீன்வாடியில் குடல் பொறுக்கித் தின்னும் அதே கடற்காகங்கள்! இதைச் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் "அப்ப அதுக்கு விசா வேண்டாமா சேர்" என்று கேட்டான். அடுத்த நாள் உலகப்படத்தோடு வந்தான்.

இந்தப் பாதையில்தான் காற்றாலைகளும் நிற்கின்றன. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் முப்பது. இன்னும் வேண்டாம் என்று சனம் தெருவில் இறங்கியதை அறிவீர்கள். அதற்குள் இப்போது போகவில்லை. ஆனால் எந்த மாதம் எந்த உயரத்தில் எவ்வளவு பறவை பறக்கிறது என்று கரையில் வாழ்கிற நாங்களே எழுதி வைத்திருந்தால் எங்கள் பேச்சுக்கு இன்னும் பலம் இருந்திருக்கும்.

பாலைப்பழம் (நவம்பர் 16, மாலை 4.00)

எனக்கு வயது எழுபத்தொன்று. பேத்தி தட்டித் தருகிறாள்.

பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாது என்கிறீர்கள். பெயர் கிழவர்களிடம் இருக்கிறது. ஆட்காட்டி கத்தினால் வயலில் யாரோ நடக்கிறார்கள். செண்பகம் நீர் கிட்ட உள்ள பற்றையில் இருக்கும். ஆறுமணிக்குருவி ஐப்பசியில் வந்து கிணற்றடிச் சருகைக் கிளறும், விடியவும் பொழுதுபடவும் நேரம் தவறாமல் கூப்பிடும், சித்திரையோடு போய்விடும். அது இமயமலை அடிவாரத்தில் இருந்து வருகிறது என்று பேத்தி சொல்லித்தான் அறிந்தேன். நத்தைக்குத்தியின் சொண்டு நடுவில் ஏன் பிளந்து நிற்கிறது என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள், பிறகு வயலில் அது நத்தை உடைப்பதைக் காட்டுங்கள். ஒரு பின்னேரம் எங்களைப் போன்ற நாலு பேரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளோடு இருத்துங்கள்.

மரம் நடுவதானால் ஆல், அத்தி, மருது, பாலை, வீரை நடுங்கள். தேக்கங்காட்டுக்குள் போய்ப் பாருங்கள், பறவைச் சத்தமே இல்லாமல் எவ்வளவு அமைதி என்று. பாலையும் வீரையும் பழுத்தால் பறவைக்கும் கரடிக்கும் சாப்பாடு. கரடி தனக்குக் காட்டில் கிடைத்தால் எங்கள் பக்கம் ஏன் வரப்போகிறது? பாலைப்பழத்துக்குப் போய்க் கரடியிடம் அடிவாங்கியவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். சத்தம் கொடுத்துக்கொண்டு போக வேண்டும், தனியே போகக் கூடாது என்று அவர்கள் வாயால் கேட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று ஊருக்குள் வந்து, பலர் காயப்பட்டு, கடைசியில் அதைச் சனம் அடித்தே கொன்றது. அந்தக் காணொளியை நான் பார்த்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அடித்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தான். பயத்தில் நின்றார்கள், கூட்டம் கூடியது, யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத்தான் பழக்க வேண்டும். மிருகம் வந்தால் போக வழி விடுவது, கூட்டம் கூடாமல் தடுப்பது, பிள்ளைகளை வீட்டுக்குள் எடுப்பது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைப்பது. இதைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை, கோயில் மடத்திலும் சந்தையிலும் சொல்லுங்கள்.

வயல்வரம்பு (நவம்பர் 16, இரவு 8.30)

ஐயா சொன்னதோடு பன்றி வெடியையும் சேர்க்க வேண்டும். பன்றிக்குத் தீனிக்குள் மறைத்து வைத்ததை யானைக்கன்று கடித்து வாய் சிதறிச் சாப்பிட முடியாமல் பல நாள் அலைந்து சாகிறது. எங்கள் கமக்கார அமைப்பில் இதைக் கதைக்க எல்லோருக்கும் தயக்கம். நான் கதைக்கிறேன்.

குளக்கட்டு (டிசம்பர் 14, இரவு 9.10)

ஒரு மாதமாக எழுத முடியவில்லை. டித்வா புயலில் எங்கள் பக்கம் பாலம் உடைந்து, மின்சாரம் இல்லை, பாடசாலையில் சனம் தங்கியிருந்தது. எல்லோரும் சுகமா?

வயல்வரம்பு (டிசம்பர் 14, இரவு 10.00)

உயிர் இருக்கிறது சேர். விதைத்ததில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. திரும்ப விதைக்கிறோம்.

ஆறுமணி (டிசம்பர் 15, காலை 6.30)

சேர், இந்த நேரத்தில் கேட்பது சரியோ தெரியவில்லை. இந்த ஜனவரி எண்ணாமல் விடாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு குளத்தில் எது நிற்கிறது என்பது வேறு எந்த வருடமும் கிடைக்காத தகவல்.

குளக்கட்டு (ஜனவரி 18, மாலை 6.50)

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, நேற்று, எண்ணினோம். நீங்கள் சொன்னதை எல்லாம் செய்ய முடியவில்லை, செய்ததை எழுதுகிறேன்.

முதலில் மீன்பிடிச் சங்கத்தில் இரண்டு தரம் போய் இருந்தேன். முதல் தரம் முழுக்க மீன்குஞ்சுக் கதைதான். இரண்டாம் தரம் தலைவரே எங்கே எந்தப் பறவை படுக்கும் என்று சிகரெட் மட்டையின் உள்பக்கத்தில் குளத்தைக் கீறித் தந்தார். அதுதான் எங்கள் வரைபடம். குளத்தின் கிழக்கு மூலைக்கு யாரும் இறங்கவில்லை, அங்கே மிதிவெடி அகற்றியவர்கள் நட்ட பழைய கம்புகள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பக்கத்தைக் குளக்கட்டில் நின்று பைனாகுலரால் மட்டும் பார்த்தோம்.

கெற்றப்போல் வைத்திருக்கும் நாலு பையன்களைப் பற்றி எனக்கு யோசனையாக இருந்தது. ஊரில் கொக்குக்கும் புலுனிக்கும் குறிவைப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை முன்னுக்கு விட்டேன். எந்த மரத்தில் எது இருக்கும், எப்படிச் சத்தமில்லாமல் கிட்டப் போவது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. தாமரைக்குள் அசையாமல் நின்ற மடையானை முதலில் கண்டதும் அவர்களில் ஒருவன்தான். பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு "சேர், இது கண்ணைச் சிமிட்டுது" என்றான். பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

சிறகி வாத்துக் கூட்டம் ஒன்று குளத்தின் வான் (மேலதிக நீர் வழிந்தோடும் இடம்) பக்கம் கிடந்தது. ஒரு குழு 340 என்றது, மற்றது 410 என்றது. பிள்ளைகள் சண்டை. திரும்ப எண்ணலாம் என்று போனால் மேலே பருந்து வந்து கூட்டமே கிளம்பிவிட்டது. இரண்டு எண்ணையும் எழுதி, கீழே 'பருந்து' என்றும் எழுதினோம். கூழைக்கடா இருந்தது, கரண்டிவாயன் இருந்தது. நத்தைக்குத்தி வயலில்தான் கூட. வெள்ளம் வடிந்த இடத்தில் நத்தை கிடக்கிறது போலும்.

எட்டே முக்காலுக்கு பிளேன்ரீயும் அவித்த கச்சானும். அங்கேயே குளக்கட்டில் இருந்து எல்லா எண்ணையும் சத்தமாக வாசித்தோம். எல்லைக்கல் கேட்ட அம்மாவும் வந்திருந்தார். கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. வாசித்து முடித்ததும் "இந்தக் கொப்பி ஆரிட்டை இருக்கும்?" என்று கேட்டார். ஊரில்தான் அம்மா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தில் ஊரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். எழுதவில்லை, பாடசாலையின் பெயர்தான் இருந்தது. பேனையை வாங்கி ஊரின் பெயரையும் குளத்தின் பெயரையும் மேலே எழுதினார். பொலித்தீன் பையில் சுற்றி மாதர் சங்க அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

வயல்வரம்பு அண்ணா, மயிலுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் தனிப் பக்கம் ஒன்று போட்டிருக்கிறோம். எந்தப் பயிர், எந்த நாள், எந்தக் கரையால் இறங்கியது என்று கமக்காரரே எழுதுவார்கள். ஒரு போகம் முடியட்டும், அதை வைத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு எல்லோருமாகப் போவோம்.

வயல்வரம்பு (ஜனவரி 18, இரவு 8.20)

அந்தப் பக்கம் எப்படிக் கோடு போட்டது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் சேர். நாங்களும் இங்கே தொடங்குகிறோம்.

அலைகரை (ஜனவரி 18, இரவு 9.05)

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிழக்கு மூலையைக் குளக்கட்டில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும் என்கிறார். அடுத்த எண்ணிக்கைக்கு உங்கள் குளத்தில் வள்ளம் இருக்கிறதா, இல்லையென்றால் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுடையதை ஏற்றி வரட்டுமா என்று கேட்கச் சொன்னார்.